பழைய மோட்டார் படகு: தண்ணீர் ஒளிந்திருந்த இடங்கள்

கோத்தகிரிக்குச் சற்றுத் தள்ளி, கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1800 மீட்டர் உயரத்தில் இருக்கும் தேயிலைத் தோட்டமொன்றின் ஆலையில் எந்திரப் பராமரிப்பு என் பொறுப்பு. தோட்டத்துக்குள்ளேயே பன்னிரண்டு ஏக்கர் பரப்பில் ஓர் ஏரி இருக்கிறது. ஆலைக்கும், தொழிலாளர்கள் குடியிருக்கும் லைன் வீடுகளுக்கும், நாற்றங்காலுக்கும் தண்ணீர் அங்கிருந்துதான் போகிறது. வடகிழக்குப் பருவமழை தொடங்கியதும் ஆகாயத்தாமரை திட்டுத் திட்டாகக் காற்றில் நகர்ந்து வந்து, மிகுநீர் வழிந்தோடும் கலிங்கை அடைத்துக்கொள்ளும். துடுப்புப் படகில் இரண்டு ஆட்கள் போய் அதை இழுத்து வருவதுதான் பல ஆண்டுகளாக வழக்கம். 2022 மழையில் திட்டு மிகப் பெரிதாகி, எதிர்க்காற்றில் துடுப்பால் ஒன்றும் செய்ய முடியாமல், தண்ணீர் கரையின் மேல்மட்டத்தை நெருங்கிய இரவில்தான் மோட்டார் படகு வேண்டும் என்ற முடிவுக்கு நாங்கள் வந்தோம்.

புதியதற்குப் பணம் இல்லை. 2023 ஜனவரியில் கொச்சியில் ஒரு பழைய ஃபைபர் படகு விலைக்கு வந்தது. நீளம் 14 அடி, அகலம் 5 அடி. பின்னால் மாட்டும் 15 குதிரைத்திறன் அவுட்போர்டு எஞ்சின், இரண்டு சிலிண்டர், இரண்டு ஸ்ட்ரோக். பன்னிரண்டு ஆண்டுகள் காயலில் ஓடியது. நான் போய்ச் சேர்ந்தபோது படகைக் கழுவித் துடைத்து வைத்திருந்தார்கள். எஞ்சின் முதல் இழுப்பிலேயே பிடித்துக்கொண்டது. அந்த மகிழ்ச்சியில், எஞ்சின் மேல் கை வைத்துப் பார்க்க வேண்டும் என்பது எனக்குத் தோன்றாமல் போயிற்று. நான் வருவதற்கு முன்பே அதை ஓட்டிச் சூடாக்கி வைத்திருந்தார்கள் என்பது பிறகுதான் விளங்கியது, ஏனென்றால் மலைக்குக் கொண்டுவந்த மறுநாள் காலைக் குளிரில் அது பதினெட்டு இழுப்புக்குப் பிறகே உயிர்பெற்றது. பழைய எஞ்சினைப் பார்க்கப் போகிறவர்கள், தாங்கள் வரும்வரை அதைத் தொடாமல் வைத்திருக்கும்படி முதல் நாளே சொல்லிவிட வேண்டும். போனதும் முதல் வேலையாகச் சிலிண்டர் பக்கம் கை வைத்து, குளிர்ந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

செய்தவற்றில் சரியானது, எஞ்சின் எண்ணைச் சரிபார்த்தது. எஞ்சினைப் படகில் பிடித்து நிறுத்தும் தாங்கியில் ஒட்டியிருக்கும் எண் பட்டையை யாரும் கழற்றி மாற்றிவிடலாம். பல எஞ்சின்களில் அதே எண் சிலிண்டர் பிளாக்கில் இருக்கும் சிறு உலோக வில்லையிலும் பொறிக்கப்பட்டிருக்கும். மேல்மூடியைத் திறந்து இரண்டையும் பதிவுச் சான்றையும் ஒப்பிட்டுப் பார்த்தேன். உள்நாட்டுக் கலங்கள் சட்டம் 2021-இல் புதிதாக வந்துவிட்ட நிலையில், விற்பனைத்தாளும் பதிவு விவரமும் இல்லாத படகை விலை மலிவு என்பதற்காக வாங்குவது பின்னால் பெரிய தொல்லையாகும்.

கொச்சியிலிருந்து கோயம்புத்தூர், மேட்டுப்பாளையம் வழியாக ஐச்சர் லாரியில் படகு மேலே வந்தது. எஞ்சினைத் தனியே கழற்றிக் கட்டினோம். இதில் ஒரு சிறு விவரம் முக்கியமானது: எஞ்சினைப் படுக்க வைத்தால், தலைப்பகுதி எப்போதும் புரொப்பெல்லர் இருக்கும் காலைவிட உயரமாக இருக்க வேண்டும். காலுக்குள் தேங்கிய தண்ணீர் மலைப்பாதை வளைவுகளின் ஆட்டத்தில் பின்னோக்கி ஓடி, வெளியேற்றும் வழியாகச் சிலிண்டருக்குள் புகுந்துவிடும். படகையும் அடிப்பக்கம் தரையில் படும்படி வைக்காமல், அடியில் நீளவாக்கில் ஓடும் முதுகெலும்பான ஏராவுக்குக் கீழே மூன்று பழைய டயர்களைக் கொடுத்து உட்கார வைத்தோம்.

எங்கள் தோட்டத்தில் பச்சை இலை வண்டிகளுக்காக ஓர் எடைமேடை இருக்கிறது. லாரியைப் படகோடு ஒருமுறையும் படகை இறக்கிய பிறகு ஒருமுறையும் எடை போட்டுப் பார்க்கலாம் என்று சொன்னவர் எங்கள் மூத்த ஃபிட்டர். எஞ்சினும் டேங்கும் இல்லாத வெறும் படகின் எடை 180 கிலோதான் இருக்கும் என்று விற்றவரே சொல்லியிருந்தார். எங்கள் மேடையில் வித்தியாசம் 270 கிலோ வந்தது. "தொண்ணூறு கிலோ எங்கேயோ உட்கார்ந்திருக்குண்ணே, படகுக்குள்ள ஒரு ஆள் படுத்திருக்கிற மாதிரி," என்றார் அவர். கடலோரத்தில் இருபது பேரிடம் கேட்டும் தெரிந்திராத ஒன்றை அந்த ஒரு எண் சொல்லிவிட்டது. கண்ணுக்குக் காய்ந்து தெரிந்த படகு உள்ளே தண்ணீரைச் சுமந்துகொண்டிருந்தது. அன்றிலிருந்து ஆறு மாதம் நாங்கள் செய்த வேலையெல்லாம், இருக்கக் கூடாத இடங்களில் இருந்த தண்ணீரைத் தேடிப் பிடிக்கும் வேலைதான். பழைய படகு வாங்குபவர் யாராக இருந்தாலும், பெயின்ட் டப்பாவைத் திறக்குமுன் அதை ஓர் எடைமேடையில் ஏற்றிப் பார்க்க வேண்டும் என்று வற்புறுத்திச் சொல்வேன்.

தளத்துக்கு அடியில், இரண்டு பக்கமும், கவிழ்ந்தாலும் மூழ்காமல் மிதக்க வைப்பதற்கான நுரை நிரப்பப்பட்டிருந்தது. தண்ணீரை உறிஞ்சாத வகை என்றுதான் பெயர். ஆனால் தளத்தில் திருகிய ஒவ்வொரு திருகின் ஓட்டை வழியாகவும் பன்னிரண்டு ஆண்டு மழை சொட்டுச் சொட்டாக இறங்கினால் எந்த நுரையும் ஊறிப்போகும். துளைக்கும் வட்ட ரம்பத்தால் தளத்தில் நான்கு அங்குல அகலத்துக்கு ஒரு வட்டம் வெட்டி எடுத்தேன். வெட்டிய விளிம்பிலிருந்து பழுப்பு நிறத் தண்ணீர் கசிந்து வந்தது. விரலை விட்டு ஒரு துண்டு நுரையை எடுத்துப் பிழிந்தேன். பாலில் நனைத்த ரொட்டியைப் போலக் கையில் குழைந்து, மணிக்கட்டு வரை தண்ணீர் வழிந்தது. அதன் வாடை உப்பும் சேறும் கலந்த காயலின் வாடை. ஏறத்தாழ இருநூற்றைம்பது கிலோமீட்டருக்கு அப்பாலிருந்து அந்தக் காயல் எங்கள் ஆலை முற்றத்துக்கே வந்துவிட்டிருந்தது. தளத்தை முழுவதும் வெட்டித் தூக்கி, நுரையைச் சட்டி சட்டியாக வாரி எடுக்க மூன்று நாள் ஆயிற்று.

அடுத்தது பின்பலகை. எஞ்சினின் முழு எடையையும் தள்ளும் விசையையும் தாங்குவது அதுதான். வெளியே பார்க்க ஃபைபர். உள்ளே இருப்பது ஒட்டுப்பலகை. சுத்தியலின் மரக்கைப்பிடியால் ஓர் அங்குல இடைவெளியில் மேலிருந்து கீழாகத் தட்டிக்கொண்டே வந்தால் காது சொல்லிவிடும். நல்ல இடத்தில் 'டக் டக்' என்று கெட்டியான ஒலி எழும். உளுத்த இடத்தில் 'பொத் பொத்' என்று அமுங்கும். எங்கள் படகில் எஞ்சின் போல்ட்டுகளுக்குக் கீழே ஒரு முழம் அகலத்துக்கு ஒலி அமுங்கியது. உறுதி செய்துகொள்ள, உட்புறத்திலிருந்து 3 மில்லிமீட்டர் துளைகள் ஐந்தாறு போட்டுப் பார்த்தோம். மேலே போட்ட துளையிலிருந்து வெளிறிய உலர்ந்த தூள் வந்தது. கீழே போட்டவற்றிலிருந்து ஊறவைத்த புகையிலை போலக் கறுத்த ஈரச்சுருள் வந்தது. பலகைக்குள் தண்ணீர் போன வழி எஞ்சின் போல்ட்டுகளின் ஓட்டைகள்தான். யாரோ ஓட்டை போட்டு, உள்ளே வெறும் மரத்தை எந்தப் பூச்சும் இல்லாமல் விட்டு, போல்ட்டை முறுக்கியிருந்தார்கள்.

உட்பக்க ஃபைபர் தோலை வெட்டியெடுத்து, உளுத்த பலகையை உளியால் சுரண்டி, ஐ.எஸ். 710 என்ற இந்தியத் தர முத்திரையுள்ள மரைன் ஒட்டுப்பலகை இரண்டு அடுக்கு வைத்து மேலே மறுபடி ஃபைபர் மேட்டும் ரெசினும் போட வேண்டும். கடைக்காரர்கள் 'வாட்டர்ப்ரூஃப்' என்று ஐ.எஸ். 303 பலகையை எடுத்துக் காட்டுவார்கள். சமையலறை அலமாரிக்கு அது போதும், படகுக்கு வேண்டாம். இந்த வேலைக்கு இராமநாதபுரம் கடற்கரையிலிருந்து அனுபவமுள்ள ஃபைபர் வேலைக்காரர் ஒருவரை வரவழைத்தோம். வேலை சுத்தமாகத்தான் இருந்தது. ஆனால் பிப்ரவரி மாதத்து மாலையில் அவர் போட்ட முதல் அடுக்கு மறுநாள் காலையிலும் பிசுபிசுவென்று விரலில் ஒட்டியது. கீழே முப்பது டிகிரி வெயிலில் அரை மணியில் இறுகும் ரெசின், எங்கள் ஊரில் இரவு பன்னிரண்டு டிகிரிக்கு இறங்கும்போது இறுகாமலே நின்றுவிடுகிறது. ரெசினை இறுக வைக்கும் ஹார்டனரைக் கூட்டி ஊற்றினால் சரியாகிவிடும் என்று நினைப்பது தவறு. அதற்கு ஓர் எல்லை உண்டு. அதைத் தாண்டினால் ரெசின் இறுகும், ஆனால் நொறுங்கும் தன்மையோடு இறுகும்.

படகைத் தேயிலை உலர்த்தும் எந்திரம் இருக்கும் கூடத்துக்கு அருகில் தள்ளிக்கொண்டு போகலாம், அங்கே எப்போதும் வெதுவெதுப்பாக இருக்கிறதே என்று ஒருவர் யோசனை சொன்னார். இரண்டு காரணங்களுக்காக அதை உடனே மறுத்துவிட்டேன். ரெசினிலிருந்து எழும் ஆவி தீப்பற்றக்கூடியது. அங்கே அடுப்பு எரிகிறது. இன்னொன்று, தேயிலை தன் அருகில் இருக்கும் எந்த வாடையையும் இழுத்துக்கொள்ளும். அந்தக் கூடத்தில் ஒரு மணி நேரம் ரெசின் வேலை நடந்தால் அன்றைய தூள் முழுவதும் பாழ். ஆகவே பழைய வண்டிக் கொட்டகையில் தார்ப்பாயால் ஒரு கூடாரம் கட்டினோம். முந்தைய இரவு முழுவதும் உள்ளே அறைச் சூடேற்றியை ஓடவிட்டுப் பலகையையும் படகையும் சூடேற்றி, காலையில் அதை அணைத்து வெளியே எடுத்துவிட்டு, பகல் பதினொன்றிலிருந்து இரண்டு மணிக்குள் மட்டும் ரெசின் போட்டோம். மூடுபனி இறங்கிய நாட்களில் வேலையே இல்லை. ஒரு வாரத்தில் முடிய வேண்டியது இருபது நாள் ஆனது. மலையில் ஃபைபர் வேலை செய்ய நினைப்பவர்கள் ஏப்ரல், மே மாதங்களுக்குக் காத்திருந்தால் இந்தத் தொல்லை இருக்காது. எங்களுக்கு அந்தப் பொறுமை இல்லாமல் போயிற்று.

எஞ்சின் போல்ட்டுகளுக்கு இந்தமுறை வேண்டியதைவிடப் பெரிய ஓட்டை போட்டு, அதை முழுவதும் எப்பாக்ஸியால் அடைத்து, இறுகிய பிறகு அந்த எப்பாக்ஸியின் நடுவில் சரியான அளவுக்குத் துளைத்தோம். போல்ட்டைத் தொடுவது இப்போது எப்பாக்ஸிதான், மரமன்று. தளத்தில் வந்த ஒவ்வொரு திருகுக்கும் இதே முறை. காலியான நுரை அறைகளில் தெர்மாகோல் அடைத்துவிடலாம் என்று நினைப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை: பாலியெஸ்டர் ரெசின் பட்டால் தெர்மாகோல் சர்க்கரை போலக் கரைந்துவிடும். கண் முன்னே ஒரு துண்டில் ரெசினை ஊற்றிப் பார்த்துவிட்டு அந்த எண்ணத்தைக் கைவிட்டோம். அறைகளை ஃபைபரால் தனித்தனியாக மூடி, காற்றுப் பெட்டிகளாகவே விட்டு, ஒவ்வொன்றுக்கும் திருகித் திறக்கும் ஒரு சோதனை மூடி வைத்தோம். மாதம் ஒருமுறை திறந்து உள்ளே கை விட்டுப் பார்க்கிறோம்.

வாங்கும்போதே படகின் மேல் இரும்புக் குழாயில் ஒரு கூரையும், உயரமான இரண்டு பெஞ்சுகளும் பொருத்தப்பட்டிருந்தன. எட்டுப் பேரை ஏற்றியதாக விற்றவர் பெருமையாகச் சொன்னார். மே மாதம் விருந்தினர்கள் வரும்போது அவர்களையும் ஏரியில் சுற்றிக் காட்டலாம் என்று அலுவலகத்தில் பேச்சு இருந்தது. படகு கொட்டகையில் கிடந்த அந்த மே மாதம் 7-ஆம் தேதிதான் மலப்புறம் மாவட்டம் தானூரில் அளவுக்கு மீறி ஆளேற்றிய படகு கவிழ்ந்து, குழந்தைகள் உட்பட 22 பேர் இறந்தார்கள். 2009-இல் தேக்கடியில் 45 பேர் போன துயரத்தை மறக்காதவர்கள் எங்கள் ஊரிலும் உண்டு. மறுநாள் காலை நானும் ஃபிட்டரும் வேறெதுவும் பேசிக்கொள்ளாமல் கிரைண்டரை எடுத்துக் கூரைக் குழாய்களை வெட்டி இறக்கினோம். உயரத்தில் இருக்கும் ஒவ்வொரு கிலோவும் படகைக் கவிழ்க்கும் பக்கத்துக்குத்தான் துணை நிற்கும். சிறு படகுகளுக்குப் பழைய கணக்கு ஒன்று இருக்கிறது: நீளத்தையும் அகலத்தையும் அடியில் எடுத்துப் பெருக்கி, 15-ஆல் வகுத்தால் கிடைப்பது அமைதியான நீரில் ஏற்றக்கூடிய ஆட்களின் எண்ணிக்கை. 14 பெருக்கல் 5, எழுபது. பதினைந்தால் வகுத்தால் நான்கு பேரும் சொச்சமும். சொச்சத்தைக் கணக்கில் எடுக்கக் கூடாது. 'நான்கு பேர்' என்று இரண்டு பக்கமும் பெரிய எழுத்தில் எழுதிவைத்தோம். களை இழுக்கும் நாட்களில் இரண்டே பேர். படகோடு வந்த பழைய மிதவைச் சட்டைகளை ஒரு கல்லைக் கட்டித் தொட்டியில் போட்டுப் பார்த்தேன். ஆறில் நான்கு ஒரு மணி நேரத்தில் அமிழ்ந்தன. அவற்றை எரித்துவிட்டுப் புதியவை வாங்கினோம். முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ் போட்டு, கம்பளிச் சட்டை அணிந்து வேலை செய்யும் எங்கள் ஆட்கள் அந்தக் குளிர்ந்த தண்ணீரில் விழுந்தால், நீச்சல் தெரிந்திருந்தாலும் மூச்சு பிடிபடாது. இதில் சிக்கனம் என்ற பேச்சுக்கே இடமில்லை.

இனி எஞ்சின். கொச்சியில் வாங்குமுன் கம்ப்ரெஷன், அதாவது சிலிண்டருக்குள் காற்று அமுக்கப்படும் அழுத்தம், அளந்தபோது இரண்டு சிலிண்டர்களும் 118, 114 பி.எஸ்.ஐ. காட்டின. மேலே வந்து அளந்தபோது 96, 93. வழியில் எஞ்சின் கெட்டுவிட்டதோ என்று ஒருநாள் முழுவதும் கவலைப்பட்டேன். எங்கள் உயரத்தில் காற்றழுத்தமே கடலோரத்தில் இருப்பதில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்குதான். உள்ளே போகும் காற்று குறைந்தால் அழுத்தமும் அதே விகிதத்தில் குறையும். மலையில் இருப்பவர்கள் கையேட்டில் உள்ள எண்ணோடு ஒப்பிடாமல், சிலிண்டர்களை ஒன்றோடொன்று ஒப்பிட வேண்டும். இரண்டுக்கும் இடையே பத்து விழுக்காட்டுக்கு மேல் வேறுபாடு இருந்தால்தான் பிஸ்டன் ரிங்கையோ கேஸ்கெட்டையோ சந்தேகிக்க வேண்டும்.

கியர் ஆயிலைத் திறந்தபோது பால் விட்ட டீயைப் போல வந்தது. எண்ணெயில் தண்ணீர் கலந்ததற்கு அதைவிடத் தெளிவான அடையாளம் இல்லை. புரொப்பெல்லரைக் கழற்றிப் பார்த்தால், தண்டைச் சுற்றி ஒரு நைலான் தூண்டில் நரம்பு இறுகச் சுற்றி, ஆயில் சீலின் உதட்டை அறுத்துவிட்டிருந்தது. சீல் இரண்டும் மாற்ற ஆன செலவு சிறியது. கவனிக்காமல் இன்னொரு பருவம் ஓட்டியிருந்தால் கியரும் பேரிங்கும் துருவேறி, முழு அடிப்பாகமும் போயிருக்கும். புது எண்ணெயைக் கீழ்த்துளை வழியாகத்தான் ஏற்ற வேண்டும். மேல்துளையில் குமிழி இல்லாமல் வழியும்வரை ஏற்றினால்தான் உள்ளே காற்று தங்காது. மேலேயிருந்து ஊற்றினால் நிரம்பியது போலத் தோன்றும், பாதிதான் இருக்கும். இப்போது ஐந்து நாளுக்கு ஒருமுறை புரொப்பெல்லரைக் கழற்றிப் பார்க்கிறோம். எங்கள் ஏரியில் நரம்பு இல்லை, ஆகாயத்தாமரை வேர் இருக்கிறது. அதுவும் அதே வேலையைச் செய்யும்.

அந்த வேர்கள் எஞ்சினின் தண்ணீர் உறிஞ்சும் துளைகளையும் அடைக்கும். எஞ்சின் ஓடும்போது பின்பக்கம் பீய்ச்சும் சிறு நீர்க்கோடுதான் குளிர்விக்கும் நீர் சுற்றுகிறது என்பதற்குச் சாட்சி. ஓட்டுபவர் நிமிடத்துக்கு ஒருமுறையாவது திரும்பி அதைப் பார்க்கப் பழகிவிட வேண்டும். எங்களுடையதில் அந்தக் கோடு மெலிந்திருந்தது. திறந்தபோது, அந்த நீரைத் தள்ளும் சிறு சக்கரமான இம்பெல்லரின் ரப்பர் இதழ்கள் ஒரே பக்கமாக மடிந்து விறைத்திருந்தன. சூட்டுக்கேற்ப நீரோட்டத்தைத் திறந்து மூடும் தெர்மோஸ்டாட்டின் மேல் உப்பு, சுண்ணாம்பு போலப் படிந்திருந்தது. இம்பெல்லர் நன்றாகத் தெரிந்தாலும் பழைய படகு வாங்கியவுடன் மாற்றிவிடுவதே நல்லது. பிறகு ஆண்டுக்கு ஒன்று.

பெட்ரோலைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனெனில் எங்களை அதிகம் அலைக்கழித்தது அதுதான். மலையில் இரவு குளிர்ந்து பகல் காய்வதால், பாதி காலியான டேங்கின் உட்சுவரில் ஒவ்வொரு விடியற்காலையும் நீர்த்துளிகள் வியர்க்கும். இப்போது விற்கப்படும் எத்தனால் கலந்த பெட்ரோல் அந்த ஈரத்தை முதலில் தனக்குள் இழுத்துக்கொள்ளும். ஓர் அளவைத் தாண்டியதும் எத்தனாலும் தண்ணீரும் சேர்ந்து தனி அடுக்காகக் கீழே இறங்கிவிடும். உயவு எண்ணெயைப் பெட்ரோலிலேயே கலந்து ஊற்றும் இரண்டு ஸ்ட்ரோக் எஞ்சினுக்கு இதைவிடப் பெரிய கேடு வேறில்லை: நாம் கலந்த எண்ணெய் மேலே பெட்ரோலோடு நின்றுவிடும், டேங்கின் அடியிலிருந்து உறிஞ்சும் குழாயோ எண்ணெயே இல்லாத அடுக்கை எஞ்சினுக்குக் கொடுக்கும். செப்டம்பரில் ஒருநாள் எஞ்சின் ஏரியின் நடுவில் திணறி நின்றது. டேங்கின் அடியிலிருந்து கொஞ்சம் எடுத்துக் கண்ணாடிப் பாட்டிலில் ஊற்றி ஜன்னலில் வைத்தேன். ஐந்து நிமிடத்தில் இரண்டு நிறமாகப் பிரிந்து நின்றது. உடனே நின்றதால் பிஸ்டன் தப்பியது. அன்றிலிருந்து ஒரு வாரத்துக்கு வேண்டியதற்கு மேல் கலந்து வைப்பதில்லை. ஒவ்வொரு முறை கிளம்பும் முன்பும் பாட்டில் சோதனை. குழாய்களையெல்லாம் எத்தனாலுக்குத் தாங்கும் புதியவையாக மாற்றியாயிற்று, வழியில் தண்ணீர் பிரிக்கும் ஃபில்டர் ஒன்றும் வைத்தாயிற்று.

மிஞ்சும் கலவையைத் தேயிலை பறிக்கும் எந்திரத்துக்கு ஊற்றிவிடலாமே என்று ஆட்கள் கேட்பது இயல்பு. இரண்டும் இரண்டு ஸ்ட்ரோக் எஞ்சின்தான். ஆனால் படகு எஞ்சின் தண்ணீரால் குளிர்வது, அதற்கு டி.சி.-டபிள்யூ3 என்று டப்பாவில் குறித்திருக்கும் எண்ணெய். பறிக்கும் எந்திரம் காற்றால் குளிர்வது. மிகச் சூடாக ஓடும். அந்த எண்ணெய் அதைக் காக்காது. அதுபோலவே எந்திரத்துக்கான எண்ணெயைப் படகுக்கு ஊற்றினால் சாம்பல் படிந்து பிளக் அடைபடும். இரண்டு கேன்களுக்கும் நீலம், சிவப்பு என்று பெயின்ட் அடித்து, படகுக் கேனில் '10 லிட்டருக்கு 200 மில்லி' என்று எழுதி, அந்த அளவுக்கு வெட்டிய குவளையையும் சங்கிலியில் கட்டிவிட்டோம். எங்கள் எஞ்சினின் கையேடு சொல்வது ஐம்பதுக்கு ஒன்று. மற்றவர்கள் தங்கள் கையேட்டைப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

உயரத்தின் கணக்கு இங்கேயும் வரும். ஒவ்வொரு 300 மீட்டர் ஏற்றத்துக்கும் எஞ்சின் ஏறத்தாழ மூன்று விழுக்காடு வலுவை இழக்கும் என்பது பொதுவான அளவு. எங்கள் 15 குதிரை இங்கே 12 குதிரையாகத்தான் வேலை செய்கிறது. கொச்சியில் சரியாக இருந்த 10 அங்குல பிட்ச் (ஒரு சுற்றில் முன்னேறும் கணக்குத் தூரம்) புரொப்பெல்லரை முழு வேகத்தில் ஓட்டியபோது எஞ்சினின் சுற்று நிமிடத்துக்கு 4300-ஐத் தாண்டவில்லை. கையேடு கேட்பது 4500 முதல் 5500 வரை. சுற்று ஏறாமல் திணறும் எஞ்சின் கரி பிடித்துச் சீக்கிரம் சாகும். 8 அங்குல பிட்ச் மாட்டியதும் சுற்று 4700 அளவுக்கு ஏறியது. ஓர் அங்குலத்துக்கு 150 முதல் 200 சுற்று என்று எதிர்பார்க்கலாம். காற்று மெலிந்த இடத்தில் பெட்ரோல் மிகையாகிப் பிளக் கறுத்ததால் கார்புரேட்டரில் பெட்ரோலை அளந்து விடும் சிறு துளைக்குழாயான மெயின் ஜெட்டையும் ஓர் அளவு சிறியதாக மாற்றினோம். இந்த ஜெட்டோடு எஞ்சின் சமவெளிக்குப் போனால் பெட்ரோல் போதாமல் பிஸ்டன் உருகிவிடும். ஆகவே மேல்மூடிக்குள் ஒரு தகட்டில் 'மலை ஜெட். கீழே கொண்டுபோகுமுன் மாற்றவும்' என்று பொறித்துத் திருகியிருக்கிறோம். நாளை இதை நாங்கள் விற்றாலும், வாங்குபவருக்கு அந்தத் தகடு சொல்லும்.

துருவைத் தன்மேல் வாங்கிக்கொள்ளும் ஆனோடு கட்டி துத்தநாகத்தில் இருந்தது, அதன் மேல் யாரோ பெயின்டும் அடித்திருந்தார்கள். பெயின்ட் அடித்த ஆனோடு இருந்தும் இல்லாததே. துத்தநாகம் உப்புநீருக்கு உரியது. நன்னீரில் அது சரியாக வேலை செய்யாது. அலுமினியக் கட்டி மாட்டினோம். மின்கம்பிகளில், தண்ணீர் இறைக்கும் பம்புக்குப் போனது மட்டும் பச்சை பூத்திருந்தது. வெள்ளீயம் பூசிய தாமிரக் கம்பியாக மாற்றி, பேட்டரி அருகிலேயே ஒரு ஃபியூஸ் வைத்தோம்.

ஒன்றை மட்டும் பார்த்தபோது எனக்கு உண்மையிலேயே கோபம் வந்தது. ஓட்டுபவர் தவறி விழுந்தால் எஞ்சினை உடனே நிறுத்தும் கயிற்றுச் சுவிட்ச் வேலை செய்யாதபடி, உள்ளே இரண்டு கம்பிகளையும் துண்டித்து டேப் சுற்றியிருந்தார்கள். கயிறு பார்வைக்கு மட்டும் தொங்கியது. விழுந்தவரைச் சுற்றித் திரும்பி வரும் ஆளில்லாத படகு என்ன செய்யும் என்பதை விளக்க வேண்டியதில்லை. பழைய படகு வாங்குபவர்கள் வேறெதைச் சோதிக்க மறந்தாலும், எஞ்சினை ஓடவிட்டு இந்தக் கயிற்றை ஒருமுறை பிடுங்கிப் பார்க்க மறக்கக் கூடாது. நாங்கள் சுவிட்சைச் சரிசெய்து, படகின் அடியிலுள்ள வடிகால் மூடியையும் அதே கயிற்றிலேயே கட்டி வைத்திருக்கிறோம். கரையேறியதும் மூடியைக் கழற்றிக் கயிற்றோடு ஆலைக்குக் கொண்டுவந்துவிட வேண்டும். மறுநாள் கயிறு இல்லாமல் எஞ்சின் பிடிக்காது. கயிற்றை எடுப்பவர் கையில் மூடியும் வந்துவிடும். மூடியை மறந்து படகை இறக்கிய சம்பவம் இதுவரை நடக்கவில்லை.

படகுக்கென்று ஒரு நீளக்கோடு நோட்டு இருக்கிறது. ஓடிய மணி, ஊற்றிய பெட்ரோல், இறைத்த தண்ணீர் எத்தனை வாளி என்று எழுதுகிறோம். கடைசியாகச் சொன்னதுதான் எனக்கு முக்கியம். மழையில்லாத வாரத்தில் இரண்டு வாளிக்கு மேல் போனால், படகைக் கரையேற்றி எங்கே என்று தேடத் தொடங்கிவிடுகிறோம். எடைமேடையில் இந்த ஆண்டும் ஏற்றிப் பார்த்தோம். 190 கிலோ காட்டியது.

சென்ற மாதம் பின்பலகையின் உட்புறத்தில், வலது மேல் போல்ட்டுக்குக் கீழே, ஐந்து ரூபாய் நாணயம் அளவுக்கு ஒரு கருமை தெரிந்தது. தட்டிப் பார்த்தால் ஒலி கெட்டியாகத்தான் இருக்கிறது. அதன் விளிம்பைச் சுற்றிப் பென்சிலால் கோடு போட்டு, பக்கத்தில் தேதி எழுதியிருக்கிறேன். நேற்றுக் காலை போய்ப் பார்த்தேன். கருமை கோட்டைத் தாண்டவில்லை. அடுத்த திங்கட்கிழமை அந்த போல்ட்டைக் கழற்றிப் பார்க்கப் போகிறோம்.